பிரித்தானியாவில் வயதான பெற்றோரைப் பராமரிப்பவர் அரசு உதவித்தொகை பெறும் வழி

வயதான தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துப் பார்ப்பதற்காக வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்களும், வேலையையே விட்டவர்களும் பிரித்தானியத் தமிழ்க் குடும்பங்களில் ஏராளம். இவர்களுக்கென்று கேரர்ஸ் அலவன்ஸ் என்னும் உதவித்தொகையை அரசு வழங்குகிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அது வாரத்துக்கு 83.30 பவுண், ஒவ்வோர் ஏப்ரலிலும் தொகைகள் மாறுவதால் இங்கே தரப்படும் எண்கள் எல்லாம் அந்த ஆண்டுக்கு உரியவை. வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவருக்குத்தான் இத்தொகை என்பதால், கணக்குப் பார்த்தால் மணிக்கு 2.38 பவுண்தான் தேறும். இதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதனோடு வரும், ஓய்வூதியத்துக்கான ஆண்டுக் கணக்கில் சேரும் நேஷனல் இன்சூரன்ஸ் வரவும், வேறு பெனிஃபிட்களில், அதாவது அரசு உதவிகளில், கிடைக்கும் கூடுதல் தொகையும் சேரும்போது, விட்டுவிடக்கூடிய பணமும் அல்ல.

பலர் முதல் அடியிலேயே இடறுவதற்குக் காரணம், பராமரிப்பவர் படும் பாட்டைப் பார்த்து இந்தப் பணம் தரப்படுகிறது என்று எண்ணுவதுதான். உண்மையில், பராமரிக்கப்படுபவர் ஏற்கெனவே ஒரு குறிப்பிட்ட பெனிஃபிட்டைப் பெற்றுக்கொண்டிருந்தால் மட்டுமே அவரைப் பார்ப்பவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் கிடைக்கும். ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களுக்கு அந்தப் பெனிஃபிட் பெரும்பாலும், அன்றாடம் பிறர் உதவி தேவைப்படும் முதியவருக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸ். அந்த வயதை எட்டாதவர்களுக்குப் பிப் எனப்படும் உடற்குறை உதவியின் அன்றாட வாழ்க்கைப் பகுதி. ஆகவே முதல் விண்ணப்பம் அம்மாவின் பெயரில் போக வேண்டும், உங்கள் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான். அம்மாவின் விண்ணப்பத்தைக் கவனமாக எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால், அதைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் விசா நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டென்டன்ஸ் அலவன்ஸும் கேரர்ஸ் அலவன்ஸும் பொது நிதியைச் சேர்ந்தவை. பொது நிதியைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தால், விண்ணப்பிப்பதே பின்னால் குடிவரவு விஷயத்தில் சிக்கலை உண்டாக்கக்கூடும். பிள்ளைகள் பொறுப்பேற்று அழைத்துவந்த பெற்றோருக்கான விதிகள் நுணுக்கமானவை; அத்தகைய குடும்பங்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் இலவச ஆலோசனை அமைப்பு அல்லது தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கேட்காமல் படிவத்தைத் தொட வேண்டாம். மற்றவர்களுக்கும் பொதுவாகக் கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது பிரித்தானியாவில் இருந்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு இதில் விலக்கு இருக்கிறது.

அம்மாவின் படிவம்

அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு வருமானமும் சேமிப்பும் பார்க்கப்படுவதில்லை. பகலிலோ இரவிலோ ஏதாவது ஒரு வேளையில் உதவி தேவைப்படுபவருக்கு வாரம் 73.90 பவுண், இரு வேளையும் தேவைப்படுபவருக்கு 110.40 பவுண். இரண்டில் எது கிடைத்தாலும் பிள்ளை கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். உதவி தேவைப்படத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். ஓராண்டுக்குமேல் உயிர்வாழ மாட்டார் என்று மருத்துவர் கருதும் நோயாளிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, அவருடைய விண்ணப்பம் விரைவாகவும் முடிக்கப்படும்.

இந்தப் பெனிஃபிட்டுக்குப் பழைய பாக்கி கிடையாது. விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய மாதங்கள் போனவை போனவையே. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் உதவி எண்ணை அழைத்துப் படிவம் கேட்டால், அழைத்த நாளே விண்ணப்ப நாளாகக் கொள்ளப்படும். ஆனால் ஆறு வாரங்களுக்குள் நிரப்பி அனுப்பிவிட வேண்டும். இணையத்தில் இறக்கி அச்சடித்த படிவத்துக்கு அது அலுவலகத்தைச் சென்றடையும் நாள்தான் கணக்கு. எனவே இன்றே அழைத்து நாளைப் பதியவைத்துவிட்டு, பிறகு ஆற அமர எழுதுவதே நல்லது. அழைக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

படிவத்தை நிரப்பும்போது நம் பெரியவர்களின் தன்மானம் குறுக்கே நிற்கும். "எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அம்மா சொல்வார். பிள்ளையும் அவர் மனம் நோகக்கூடாதே என்று, குளிப்பாரா என்ற கேள்விக்கு "ஆம், மெதுவாகக் குளிப்பார்" என்று எழுதிவிடுவார். படிவத்தைப் படிக்கும் அதிகாரி உங்கள் வீட்டைப் பார்த்தவர் அல்லர். அவருக்குத் தெரிய வேண்டியது, குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்க முடியாமல் அம்மா உங்கள் தோளைப் பிடித்துக்கொள்கிறார் என்பதும், முதுகையும் பாதங்களையும் நீங்கள்தான் தேய்த்துவிடுகிறீர்கள் என்பதும், மூட்டுவலி கூடிய நாள்களில் சேலையைக் கட்ட முடியாமல் கவுனோடு இருந்துவிடுகிறார் என்பதும், இதற்கெல்லாம் காலையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும்தான். இவற்றை எழுதுவது அம்மாவைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. அவருடைய உரிமையைக் கேட்பதற்கு இதைத் தவிர வேறு வழி இல்லை.

எது கணக்கில் சேரும், எது சேராது என்பதையும் தெரிந்து எழுத வேண்டும். எழுவது, நடப்பது, உடுப்பது, குளிப்பது, கழிவறைக்குப் போவது, உண்பது, மருந்து எடுத்துக்கொள்வது போன்ற உடல் சார்ந்த உதவிகளும், ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பும் சேரும். சமைத்துக் கொடுப்பதும் வீடு கூட்டுவதும் கடைக்குப் போவதும் எவ்வளவு பெரிய வேலையாக இருந்தாலும் இங்கே பொதுவாக எடைபெறுவதில்லை. அதேபோல, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காக டாக்டரிடம் நீங்கள் மொழிபெயர்ப்பது சேராது. ஆனால் காது மந்தமானதால் ஒவ்வொரு சொல்லையும் அவர் காதருகே மீண்டும் சொல்ல வேண்டியிருப்பது சேரும், ஏனென்றால் அது உடற்குறையால் வந்த தேவை.

இரவைப் பற்றிய பகுதியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், அதனால் வாரத்துக்கு 36 பவுணுக்கு மேல் இழக்கிறார்கள். இரவில் இரண்டு முறையாவது எழுந்து உதவ வேண்டியிருந்தாலும், ஒரே தடவையில் இருபது நிமிடம்போல் நீண்டாலும் அது இரவுத் தேவையாகக் கருதப்படலாம். மறதி நோய் உள்ள தந்தை நள்ளிரவில் எழுந்து வாசற்கதவைத் திறக்கப் பார்க்கிறார், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறார் என்றால், அதற்காக யாரேனும் விழித்திருக்க வேண்டியிருப்பதை எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துவைத்து, அதன் நகலைப் படிவத்தோடு அனுப்புவது மிகுந்த பலன் தரும். மருந்துச் சீட்டுப் பட்டியல், மருத்துவமனைக் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களையும் சேருங்கள். இன்னொன்றும் உண்டு: உதவி உண்மையில் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை, தேவை இருந்தாலே போதும். தனியாக வாழ்ந்து, உதவிக்கு ஆளின்றி வாரம் ஒரு முறை மட்டும் குளிக்கும் தாய்க்கும் அந்தத் தேவை நாள்தோறும் இருக்கிறது.

உங்கள் விண்ணப்பம்

அட்டென்டன்ஸ் அலவன்ஸ் உறுதியான கடிதம் வந்ததும் கேரர்ஸ் அலவன்ஸுக்கு இணையத்திலோ டிஎஸ்700 என்ற படிவத்திலோ விண்ணப்பிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், அம்மாவின் பணம் தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் பாக்கியோடு கிடைக்கும். அதைத் தவறவிட்டால் மூன்று மாதப் பாக்கிக்குமேல் கிடைக்காது. நீங்கள் 16 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ படிப்பவராக இருக்கக்கூடாது. ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்பதோ இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதோ விதி அல்ல. மருமகளும் கேட்கலாம், அடுத்த தெருவில் இருக்கும் பேரனும் கேட்கலாம். ஆனால் ஒரு முதியவருக்காக ஒருவர் மட்டுமே பெற முடியும் என்பதால், அண்ணன் தம்பி முறைவைத்துப் பார்க்கும் வீடுகளில் யார் பெயரில் கேட்பது என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். தாயையும் தந்தையையும் சேர்த்து ஒருவரே பார்த்தாலும் இரட்டைப் பணம் இல்லை. 35 மணி நேரத்தையும் ஒருவருக்குச் செய்ததாகவே காட்ட வேண்டும். இருவருக்கும் தனித்தனியே பிள்ளைகள் இருவர் கேட்பதற்குத் தடையில்லை.

அந்த 35 மணி நேரத்தில், அட்டென்டன்ஸ் அலவன்ஸில் சேராத சமையலும் துணி துவைப்பதும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அருகே இருந்து கவனிப்பதும் சேரும். இரண்டு பெனிஃபிட்களுக்கும் அளவுகோல் வேறு வேறு என்பதை மனத்தில் வையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் சம்பள வரம்பு. வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் ஓய்வூதியப் பங்களிப்பில் பாதியும் போக, வாரம் 196 பவுண் வரை சம்பாதிக்கலாம். குறைந்தபட்ச ஊதியமான 12.21 பவுணுக்கு 16 மணி நேரம் வேலை செய்தால் 195.36 வரும், அதாவது வரம்புக்குள் சில்லறைதான் மிஞ்சும். ஒரு பவுண் கூடினாலும் அந்த வாரத்து 83.30 பவுணும் முழுதாகப் போய்விடும், படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாடு இல்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் கடையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றவர்கள், அதைத் தெரிவிக்காததால் ஆண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கான பவுணைத் திருப்பிக் கட்டும்படி கடிதம் பெற்றிருக்கிறார்கள். இது நாடு தழுவிய பெரும் பிரச்சினையாகி, லிஸ் சேஸ் தலைமையிலான சுயாதீன ஆய்வு 2025 நவம்பரில் வெளியானது. ஏற்றஇறக்கமான சம்பளத்தைச் சராசரி காண்பதில் உதவித்தொகைகளை நிர்வகிக்கும் அரசுத் துறையின் வழிகாட்டலே தெளிவற்றிருந்தது என்பதை அது வெளிக்கொணர்ந்தது. உழைத்துக் களைத்த பிள்ளைகளை இப்படிக் கடனாளிகள் ஆக்கியது பெரும் அநீதி என்பதே என் எண்ணம். ஆயினும் விதி இருக்கும்வரை, ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்; மணி நேரமோ ஊதியமோ மாறினால் உடனே இணையம் வழியே தெரிவித்து, அதற்கான ஒப்புகையையும் சேமித்துவையுங்கள். நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் அம்மாவைப் பார்க்க நெருங்கிய உறவல்லாத ஒருவருக்குப் பணம் கொடுத்தால், சம்பளத்தில் பாதி வரை அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மற்றப் பெனிஃபிட்களோடு சேரும்போது

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் பெறுகிறவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் முழுவதும் வருமானமாகக் கழிக்கப்படும். அதற்கு ஈடாக யுனிவர்சல் கிரெடிட்டில் மாதம் 201.68 பவுண், பராமரிப்பாளர் கூறு என்ற பெயரில் சேரும். எனவே கையில் கூடுவது ஏறத்தாழ அந்தக் கூறுதான், அதையும் கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

ஓய்வூதியம் பெறும் துணைவர் தம் கணவரையோ மனைவியையோ பார்க்கும் குடும்பங்களில், ஸ்டேட் பென்ஷன் 83.30 பவுணுக்கு மேல் இருப்பதால் கேரர்ஸ் அலவன்ஸ் கையில் வராது. அதற்காக விண்ணப்பிக்காமல் இருப்பது தவறு. தகுதி இருக்கிறது, ஆனால் தொகை இல்லை என்று வரும் அந்தக் கடிதத்தை வைத்து, வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான பென்ஷன் கிரெடிட்டில் வாரம் 46.40 பவுண் வரை கூடுதலாகப் பெறலாம். சிறிதளவு வித்தியாசத்தில் பென்ஷன் கிரெடிட் மறுக்கப்பட்டவர்கள்கூட இதனால் உள்ளே வர முடியும்.

தனியாக வாழ்ந்து பென்ஷன் கிரெடிட் பெறும் பெற்றோர் விஷயத்தில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்ததும் அவர்களுக்கு வாரம் 82.90 பவுண் கடும் உடற்குறைக் கூடுதல் தொகை சேரக்கூடும். பிள்ளை கேரர்ஸ் அலவன்ஸைக் கையில் பெற்றாலோ, யுனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பாளர் கூறைப் பெற்றாலோ, அம்மாவின் அந்தத் தொகை நின்றுவிடும். ஒரு வீட்டுக்குள் இடது கையால் வாங்கி வலது கையால் கொடுப்பது போலாகாமல், முதலில் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பெற்றோர் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தால் பெரும்பாலும் அந்தத் தொகை முதலிலிருந்தே கிடைப்பதில்லை என்பதால், நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த இழப்பு இல்லை.

ஸ்காட்லாந்தில் வாழ்பவர்கள் இதே வகை உதவிகளை, பென்ஷன் ஏஜ் டிஸபிலிட்டி பேமென்ட், கேரர் சப்போர்ட் பேமென்ட் என்ற பெயர்களில் சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்திடம் கேட்க வேண்டும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு

அம்மா மருத்துவமனையில் 28 நாள்களுக்கு மேல் தங்கினால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் நிற்கும், அதோடு உங்களுடையதும் நிற்கும். ஊருக்குப் போவதையும் புறப்படுவதற்கு முன்பே தெரிவியுங்கள்; பராமரிப்பிலிருந்து 26 வாரங்களில் நான்கு வாரம் வரை ஓய்வு எடுத்துக்கொள்ள விதி இடம்தருகிறது. பராமரிக்கப்பட்டவர் இறந்துவிட்டால், அடுத்த எட்டு வாரங்கள் வரை உங்களுக்குப் பணம் தொடரும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மறுபரிசீலனைக் கடிதத்தில் மனக்குறையை மட்டும் எழுதாமல், அதிகாரி எந்தத் தேவையைக் கவனிக்கவில்லை என்பதை, குறித்துவைத்த நோட்டின் ஆதாரத்தோடு சுட்டுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே, கேரர்ஸ் யூகே ஆகிய அமைப்புகள் இதற்குக் கட்டணமின்றி ஆலோசனை தருகின்றன. சம்பள வரம்பைத் தாண்டியதால் கேரர்ஸ் அலவன்ஸ் கிடைக்காதவர்கள், வாரம் 20 மணி நேரம் பராமரித்தாலே கேரர்ஸ் கிரெடிட் கேட்டுத் தம் நேஷனல் இன்சூரன்ஸ் ஆண்டுகளைக் காத்துக்கொள்ளலாம். பணமாக எதுவும் வராவிட்டாலும், நாளை அவர்கள் பெறப்போகும் ஓய்வூதியம் அந்த ஆண்டுகளைப் பொறுத்தே அமையும்.