குடற்புழு நீக்கம்: பப்பாளி விதையா, மாத்திரையா?

வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை, பூண்டு ஆகியவற்றைக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. அதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது: நைஜீரியாவில் 60 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், பப்பாளி விதைத்தூளைத் தேனில் குழைத்து உண்ட பெரும்பாலோரின் மலத்தில் ஒட்டுண்ணிகள் நீங்கின. ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு; எந்தப் புழுவுக்கு எவ்வளவு விதை என்ற உறுதியான அளவை அதைக் கொண்டு வகுக்க இயலாது.

ஆல்பெண்டசோல் மாத்திரையோ புழுவின் உடலில் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, புழு குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் செய்து பட்டினியால் கொல்கிறது. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மில்லிகிராம் ஒரே வேளையாகக் கொடுக்கப்படுகிறது. சிறு குழந்தைக்கு மாத்திரையை முழுதாகத் தராமல், தொண்டையில் சிக்காதபடி பொடித்து நீரில் கலந்தே கொடுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம்.

இரவில் ஆசனவாயில் அரிப்பு ஏற்படுத்தும் கீரிப்பூச்சியின் முட்டைகளை மருந்து முழுமையாக அழிக்காது என்பதால், இரண்டு வாரம் கழித்து மறுவேளை தருவதுடன், வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து உண்டு, நகம் வெட்டி, படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களும், வலிப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் இம்மருந்தை உண்ணக் கூடாது. மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி, உடல் மெலிவு ஆகியவை தெரிந்தால், கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.