வால்வு ஆம்ப் மக்கர் செய்கிறதா? பெட்டியைத் திறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

என்னுடையது 15 வாட் கிட்டார் ஆம்ப். சிக்னலைப் பெருக்குவது வால்வு எனும் கண்ணாடிக் குழாய்கள்: முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வு மூன்று, கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு ஈஎல்84 இரண்டு. போன மழைக்காலத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் அடங்கிப்போகும், கரகரக்கும், பிறகு தானாகத் திரும்பும். பவர் வால்வு தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, புது ஜோடி வாங்கிப் போட்டேன். கோளாறு அப்படியே இருந்தது.

குற்றவாளி பின்பக்கத்து எஃபெக்ட்ஸ் லூப் ஜாக். வெளி எஃபெக்ட் பெட்டிக்குச் சிக்னலை அனுப்புவது சென்ட் ஜாக், திரும்ப வாங்குவது ரிட்டர்ன் ஜாக். ரிட்டர்ன் ஜாக்கில் எதையும் செருகாதபோது உள்ளே இரண்டு தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும். சிக்னல் அதைத் தாண்டித்தான் பவர் பகுதிக்குப் போகிறது. எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் அந்தத் தகடு கறுத்துவிட்டது. ஒரு சின்ன கேபிளால் சென்டையும் ரிட்டர்னையும் இணைத்ததும் சத்தம் முழுதாக வந்தது. கான்டாக்ட் கிளீனரை ஜாக்கில் அடித்து, பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தேன். சரியாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: வால்வில் கை வைக்கும் முன் வேறு கிட்டார், வேறு கேபிள், இந்த லூப் சோதனை, மூன்றையும் முடித்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஆன் செய்யவே கூடாது. பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும், அதுதான் இருப்பதிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று.

ஆன் செய்தும் எந்த வால்விலும் செம்மஞ்சள் வெளிச்சம் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். அதே அளவு, அதே வகைதான் போட வேண்டும். பெரிதாகப் போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மர் எரியும். புது ஃபியூஸும் போகிறதா? பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். தாங்கினால் சந்தேகம் வால்வின் மேல். அப்போதும் போனால் கோளாறு மின்சப்ளைப் பகுதியில் இருக்கலாம், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வால்வைக் கண்ணாலேயே நிறைய படிக்கலாம். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிபோல மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. பவர் வால்வுக்குள் இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவந்து பழுத்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். மணிபோல ஒலித்தால் அல்லது தானாக ஊளையிட்டால், ஆம்ப் ஓடும்போதே ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-ஐயும் பென்சிலின் மரப்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். லேசான 'டிக்' எல்லாவற்றிலும் வரும். 'டங்' என்று ஸ்பீக்கரில் அதிர்வதுதான் கெட்டது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா? ஆஃப் செய்து, ஆறவிட்டு, கிட்டார் ஜாக்குக்குப் பக்கத்து வால்விலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். எந்த வால்வை எடுத்ததும் இரைச்சல் நிற்கிறதோ, கோளாறு அந்தக் கட்டத்திலோ அதற்கு முன்னாலோதான். வால்யூமைக் குறைத்தாலும் மாறாத கனத்த ரீங்காரம் என்றால் மின்சப்ளையைத் தேக்கிச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில் கேட்கும்.

இதுவரை எதற்கும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. திறந்துதான் ஆக வேண்டும் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். என் சின்ன ஆம்பிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும்; உயிரை எடுக்கப் போதுமானது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக இன்சுலேட் செய்த வயரும் முதலை கிளிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளிப் சேசிஸில், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில். இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கையால் மற்ற கிளிப்பைக் கண்டன்சரின் பாசிட்டிவ் முனையில் பத்து நொடி பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். பெரிய கண்டன்சர் ஒவ்வொன்றின் சார்ஜையும் இப்படியே இறக்கி, மல்டிமீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பின்புதான் விரல் போக வேண்டும். கண்டன்சர் சில சமயம் கொஞ்சம் சார்ஜை மீட்டுக்கொள்ளும், ஆகவே நடுவிலும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

உள்ளே நான் தேடுவது மூன்றுதான்: தலை உப்பிய கண்டன்சர், கருகிய ரெசிஸ்டர், வால்வு சாக்கெட்டைச் சுற்றி விரிசல் விட்ட சால்டர். சூட்டில் விரிந்து சுருங்கி, சாக்கெட் காலைச் சுற்றி மெல்லிய வளையமாகச் சால்டர் விரிசல் விட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். அதை மறுபடி உருக்கிவிட்டாலே பல கரகரப்புகள் போய்விடுகின்றன.

ஆன் செய்த நிலையில் உள்ளே அளப்பதை நான் செய்வதில்லை. பவர் வால்வு மாற்றினால் பயஸ் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) சரிபார்க்க வேண்டிய ஆம்ப்களையும் மெக்கானிக்கிடமே தருகிறேன். தரும்போது ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுவேன்: எந்த வால்வைக் கழற்றியதும் சத்தம் நின்றது, ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, வால்யூமைத் திருப்பினால் மாறுகிறதா, இல்லையா.