பிறப்புச் சான்றிதழ் நகல்: எங்கள் தோட்டத்தில் வழி கண்டது

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பிறப்புச் சான்றிதழ் நகலுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை இழந்து, பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்கே போவார்கள்.

போன் இல்லாததல்ல தடை. பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் கையில் இல்லாததுதான். பெயரை மட்டும் நம்ப முடியாது. பதிவேட்டில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, வீட்டிலுள்ள பழைய சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு பெரியம்மா பொலித்தீன் பையிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. “இந்தா தம்பி, இலக்கமும் திகதியும் மட்டும் நல்லாத் தெரியுது” என்றார். அது போதும்! இலக்கமும் திகதியும் இருந்தால் பதிவேட்டில் தேடும் வேலையில்லை, கட்டணமும் குறைவு. ஒவ்வொருவருக்கும் இரண்டையும் கொப்பியில் எழுதிக் கொடுத்தோம். பழைய தாளே இல்லாதவர்களுக்குப் பிள்ளைகளின் பாடசாலை ஆவணங்களில் தேடினோம்.

பணம் கட்ட வங்கி அட்டை வேண்டும். தோட்டத்து இளைஞர்கள் உதவினார்கள். லயன் (தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட ஒபிசிலேயே தங்கிவிடும் என்ற பயம் நியாயமானது. அதனால் தபாலைத் தவிர்த்து, நேரில் பெறுவதாகவே குறிக்கிறோம்.