கிரிக்கெட் மட்டையின் முகத்துக்கு ஷீட் ஒட்டியபோது: என் அனுபவம்
மும்பையின் மாட்டுங்காவில் குடியிருக்கும் நான், ஆசாத் மைதானத்தில் ஆடுவதற்காக வாங்கிய இங்கிலீஷ் வில்லோ மரத்தாலான கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய அன்றே ஸ்கஃப் ஷீட்டையும் (பந்துபடும் முகத்தைக் காக்கும் மெல்லிய ஒட்டுத்தாள்) ஒட்டிவிட்டேன்; எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பசை பிடிக்காததால், இரண்டே ஆட்டங்களில் ஓரங்கள் உரிந்து குமிழிகள் எழும்பின.

அதை மர இழைகளின் போக்கிலேயே மெதுவாக உரித்து, மிஞ்சிய எண்ணெயைத் துடைத்து, மட்டையை மூன்று நாள் நிழலில் உலரவிட்டேன். கண்ணாடியிழை பதித்த தடித்த ஷீட் கூடுதலாகக் காக்கும் என்றாலும், எடையைக் கூட்டி, புதிய விரிசல்களையும் கண்ணுக்கு மறைத்துவிடும் என்பதால், மெல்லிய, ஒளிபுகும் வகையையே மீண்டும் தேர்ந்தெடுத்தேன். (கிரிக்கெட் விதிப்படி, இந்த ஷீட்டின் தடிமன் 1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.) அடிவாங்கும் விளிம்புகளுக்கு மட்டும் ஃபைபர் டேப் ஒட்டினேன், பின்னாளில் எண்ணெய் பூச வசதியாகப் பின்புறத்தை மூடாமல் விட்டேன்.