பாடநெறி முதுமாணியிலிருந்து கலாநிதிக்கு

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான முதுமாணி படிக்கிற தம்பி, தங்கைமாரே, கலாநிதிப் பட்டம் மனதில் இருந்தால் முதலில் உங்கள் முதுமாணியின் கிரெடிட்டை, அதாவது படிப்பின் அளவைக் காட்டும் புள்ளிகளைப் பாருங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பாடநெறி மட்டுமுள்ள 30 கிரெடிட் முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் 10ஆம் மட்டம். கலாநிதி 12. தெரிவு இருந்தால் ஆய்வுள்ளதையே எடுங்கள். எம்பில் (MPhil) என்ற ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்து பிறகு கலாநிதிக்கு உயர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள்.

மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் பலர் சறுக்குகிறார்கள். “உங்களிடம் ஆய்வு செய்ய விருப்பம்” என்பது போதாது. “தோட்டக் கிணறுகளில் மாரிக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்று அளந்தேன், இந்த வித்தியாசம் ஏன் வருகிறது?” என்று சொந்தக் கேள்வியோடு எழுதுங்கள். அதற்கு முன் அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுசாக வாசியுங்கள்.