கொள்ளுத் தாத்தா எந்த எம்.எல்.சி.? 1930களின் விவசாயி அரசியல்வாதியைத் தேடும் முறை

"ஊரில் பெரிய விவசாயி, எம்.எல்.சி.யாக இருந்தவர், மந்தத்தில் (1930களின் உலகப் பொருளாதாரச் சரிவில்) நிலமெல்லாம் போச்சு." சிங்கப்பூரில் பல வீடுகளில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். முதலில் பதவியைச் சோதியுங்கள்.

1937க்கு முன் சென்னை மாகாணத்துக்கு ஒரே சட்ட அவைதான், லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்; அதன் உறுப்பினர்தான் எம்.எல்.சி. 132 உறுப்பினர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; நியமிக்கப்பட்டவர்களும் எம்.எல்.சி.தான். அந்நாளில் எம்.எல்.ஏ. என்றால் டில்லி மத்திய சட்டசபை. 215 இடங்கள் கொண்ட மாகாணக் கீழவை 1937இல்தான் வந்தது. ஆக, "1932இல் மாகாண எம்.எல்.ஏ." என்று யாராவது சொன்னால் ஆண்டு தவறு, அல்லது பதவி தவறு. ஜில்லா போர்டு (மாவட்ட உள்ளாட்சி மன்றம்) மெம்பரைப் பேரன்கள் எம்.எல்.சி. ஆக்கிவிடுவதும் உண்டு.

அடுத்து பெயர். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கில இதழ்களைத் தேடலாம். இன்றைய ஊர்ப்பெயரைப் போட்டால் பெரும்பாலும் சிக்காது. திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலியை டிரிச்சினாபொலி, டான்ஜோர், டின்னெவெல்லி என்று அக்கால ஆங்கில எழுத்தில் போடுங்கள். கவுண்டர் என்ற பட்டப்பெயர் அந்த இதழ்களில் கவுண்டன். தமிழ் முரசு 1935இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய செய்தியை அதில் தேடிப் பயனில்லை. தேர்தல் முடிவுக்கு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டை (மாகாண அரசிதழை) கேளுங்கள்.

உண்மையான கதை நிலப் பத்திரத்தில் இருக்கிறது. நெல் விலை சரிந்தபோதும் கிஸ்தியை (நில வரியை) பணமாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. அதே வரிக்குக் கூடுதல் மூட்டை விற்கணும், போதாததற்குக் கடன். எனவே 1930 முதல் 1937 வரை வில்லங்கம் (நிலத்தின் மீதான பதிவுகள்) பார்க்கச் சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். அடமானம், ஒத்தி (நிலத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்க விடும் அடமானம்), கடைசியில் கிரயம் (விற்பனை) என்று வரிசையாக வந்தால் நிலம் எப்படிப் போனது என்று விளங்கும்.

வரி ரசீதுகளில் பசலி ஆண்டு, அதாவது நில வரிக் கணக்கு ஆண்டு, இருக்கும். 590ஐக் கூட்டினால் தொடங்கும் ஆண்டு வரும்: பசலி 1340 என்றால் 1930 ஜூலை 1 முதல் 1931 ஜூன் 30 வரை. ஜனவரி முதல் ஜூன் வரையிலான ரசீதுக்கு 591. பலரும் சறுக்குவது இங்கேதான்.

நிலம் தப்பியிருந்தால் 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கவனியுங்கள். 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டியை அது தள்ளுபடி செய்தது. அந்தச் சலுகை கேட்ட மனு, மாவட்டக் கோர்ட்டுப் பதிவேடுகளில் கிடைக்க வாய்ப்புண்டு.