கைல் ஃபீல்டில் பன்னிரண்டாவது ஆளாக நிற்பது எப்படி

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டாவது ஆள் என்றால் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுபவர். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயர் மாணவர் கூட்டம் மொத்தத்துக்கும் உரியது. கைல் ஃபீல்ட் என்ற அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அரங்கில், களத்தில் பதினோரு பேர். கேலரியில் நிற்பவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து பன்னிரண்டாவது ஆள். பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்குப் படிக்கப் போனவரோ, ஹூஸ்டனிலிருந்து ஒரு சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வருபவரோ, அமெரிக்கன் ஃபுட்பால் விதி பாதிதான் தெரியும் என்றாலும் சமாளித்துவிடலாம். விதி முழுக்கத் தெரிந்து, இந்த ஊர் வழக்கம் தெரியாமல் போனால்தான் சங்கடம்.

முதலில், உட்காரக் கூடாது. ஏன்?

1922 ஜனவரி 2, டல்லாஸ் நகரம். அன்றைக்கு நாட்டின் பலமான அணிகளில் ஒன்றான சென்டர் காலேஜோடு ஆட்டம். ஏ அண்ட் எம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் டேனா பைபிளுக்கு கிங் கில் என்ற பையனின் நினைவு வந்தது. ஃபுட்பாலை விட்டுக் கூடைப்பந்துக்குப் போனவன். அன்று மேலே பத்திரிகையாளர் அறையில் இருந்து, எந்த வீரர் யார் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவன் கேலரிக்கு அடியில் போய், அடிபட்ட வீரர் ஒருவரின் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து கோட்டோரம் நின்றான். கடைசிவரை நின்றான். அவனை இறக்கத் தேவையே வரவில்லை. ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது.

பந்தைத் தொடாத ஒருவரைக் கொண்டாடுவது வெளியாளுக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் இங்கே உள்ள வழக்கங்கள் பெரும்பாலும் இந்த ஒரு சம்பவத்தோடு பொருந்திப் போகும். கூப்பிட்டால் இறங்கத் தயார் என்று காட்டத்தான் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நிற்கிறார்கள். மூன்றரை மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பகுதியில் டிக்கெட் வாங்கிவிட்டு உட்கார்ந்தால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். கூடவே ‘டூ பர்சென்டர்’ என்ற பெயரும் கிடைக்கும். வழக்கங்களில் கலந்துகொள்ளாத இரண்டு சதவீதத்தில் ஒருவர் என்று அர்த்தம். முட்டிவலி உள்ளவர்களும் பெற்றோரை அழைத்து வருபவர்களும் மாணவர் பகுதியைத் தவிர்த்து வேறு இடத்தில் டிக்கெட் எடுப்பது நல்லது.

1983-ல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர் இதை மெய்யாகவே களத்துக்குக் கொண்டுவந்தார். உதவித்தொகை இல்லாத சாதாரண மாணவர்களை வைத்தே பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃப் அணி ஒன்றைக் கட்டினார். இன்றும் அப்படி வந்த ஒருவர்தான் 12-ஆம் எண் சட்டை போடுகிறார். அந்தப் பெயரைப் பல்கலைக்கழகம் 1990-ல் வணிகச் சின்னமாகப் பதிவும் செய்துகொண்டது. சியாட்டில் சீஹாக்ஸ் அணி அதைப் பயன்படுத்தியதில் வழக்கு வந்து, 2006-ல் உடன்பாட்டில் முடிந்தது.

முந்தைய இரவு

ஆட்டம் சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை இரவே வந்துவிடுங்கள். நள்ளிரவு பன்னிரண்டுக்கு அதே கைல் ஃபீல்டில் ‘மிட்நைட் யெல்’ என்ற கூச்சல் பயிற்சி நடக்கும். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம். 1931 முதல் நடக்கிறது. பதினொன்றரைக்குள் போனால் மாணவர்கள் நிற்கும் கிழக்குப் பக்கத்தில் நல்ல இடம் கிடைக்கும்.

இங்கே சியர்லீடர்கள் கிடையாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் ஐந்து யெல் லீடர்கள்: மூன்று பேர் நான்காம் ஆண்டு, இருவர் மூன்றாம் ஆண்டு. மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள். மறுநாள் எதிரணியை மட்டம்தட்டும் கற்பனைக் கதைகளை இவர்கள் சொல்வார்கள். கதை பெரும்பாலும் அறுவைதான். அதை எதிர்பார்த்தே போங்கள். கதை முடிந்து, யெல் முடிந்து, கடைசியில் விளக்கெல்லாம் அணையும். ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். ஜோடி இல்லாதவர் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்துத் தூக்கிப் பிடிக்கலாம், இன்னொரு லைட்டர் தேடி வருமா என்று. யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் மட்டும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

இந்தக் கூட்டத்துக்குப் போவதில் நடைமுறை லாபம் ஒன்று உண்டு. நாளை போட வேண்டிய கூச்சல்களையும் கைச்சைகைகளையும் அவசரமில்லாமல் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

உடை, பை, வெயில்

நிறம் மரூன். அதோடு வெள்ளை. ஆரஞ்சுச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நிறம். 1894-ல் ஏ அண்ட் எம் தன் முதல் ஆட்டத்தை அவர்களிடம்தான் 38-0 என்று தோற்றது. அந்தப் பகை 2011-ல் நின்றுபோய், 2024 நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் மறுபடி தொடங்கியது. அன்றும் டெக்சஸ்தான் 17-7 என்று ஜெயித்தது. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பதாக இருந்தால் யோசித்துக் கொடுங்கள்.

கைப்பை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். 12 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலம் என்ற அளவைத் தாண்டக் கூடாது. சாதாரணத் தோள்பையோடு வந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், வண்டிவரை திரும்ப நடக்க வேண்டும்.

மாணவர் பகுதி கிழக்கில் இருப்பதால் பார்வை மேற்குப் பக்கம். மதியம் இரண்டரை மணி ஆட்டம் என்றால் சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும். செப்டம்பர் டெக்சஸ் வெயிலைச் சித்திரை வெயில் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். காலையிலிருந்தே குடியுங்கள்.

எப்போது கத்த வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும்

புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். நம் அணி பேட் செய்யும்போது கத்திப் பழகியவர்கள் நாம். இங்கே நேரெதிர். ஆகீஸ் என்று அழைக்கப்படும் ஏ அண்ட் எம் அணியின் கையில் பந்து இருக்கும்போது அமைதி. எதிரணி கையில் இருக்கும்போது தொண்டை கிழியும்வரை சத்தம்.

காரணம் இது. ஒவ்வொரு முறையும் பந்து பின்னால் வருவதற்கு முன் குவாட்டர்பேக் எனப்படும், தாக்குதலை நடத்தும் வீரர் வாயால் ஒரு கணக்குச் சொல்வார். எந்தச் சொல்லில் பந்து நகரும் என்று மற்ற பத்துப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு லட்சம் பேர் கத்தினால் அந்தச் சொல் இரண்டடி தள்ளிக் கேட்காது. கேட்காத வீரர் ஊகத்தில் அசைவார். ஒரு தோள் அரை நொடி முன்னால் ஆடினாலும் ‘ஃபால்ஸ் ஸ்டார்ட்’. ஐந்து யார்டு பின்னால் போக வேண்டும். திட்டத்தை மாற்றிச் சொல்லக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால், பந்தை நகர்த்தத் தரும் 40 நொடிக் கடிகாரம் ஓடி முடியும். அதற்கும் ஐந்து யார்டு. 2024 முதல் பயிற்சியாளர் குரல் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் நேரடியாகக் கேட்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அங்கிருந்து பந்து நகரும்வரை உள்ள நேரம் உங்களுடையது.

நாலு முயற்சியில் பத்து யார்டு நகர வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். மூன்றாவது முயற்சியில்தான் சத்தம் உச்சத்துக்குப் போக வேண்டும். அதில் தடுத்துவிட்டால் எதிரணி பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடும். எல்லா முயற்சிக்கும் ஒரே அளவில் கத்துபவரின் குரல் இடைவேளைக்குள் போய்விடும். அரங்கின் இப்போதைய இருக்கைக் கணக்கு 1,02,733 பேர். 2014-ல் ஓல் மிஸ் அணி வந்தபோது 1,10,633 பேர் வந்தார்கள். அத்தனை பேரும் சட்டென்று அடங்கி, தங்கள் குவாட்டர்பேக் பேசுவதற்கு இடம் விடும் அந்த நொடிதான் இந்த அரங்கில் கவனித்துப் பார்க்க வேண்டியது.

கைகளைப் பாருங்கள்

இங்கே கூச்சல் தன்னிச்சையாக எழுவதில்லை. கீழே யெல் லீடர் ஒரு சைகை காட்டுவார். உதாரணமாக, இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து ஒன்றையொன்று சுற்றினால் ‘ஃபார்மர்ஸ் ஃபைட்’. முதல் வரிசை அதை அப்படியே செய்யும், அடுத்த வரிசை பார்த்துச் செய்யும், சைகை படிப்படியாக மேலே ஏறி மூன்றாம் தளம்வரை போகும். உங்கள் வேலை முன்வரிசையைப் பார்த்துச் செய்து, பின்வரிசைக்குத் தெரியும்படி கையை உயர்த்திப் பிடிப்பது. அது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கூச்சல் ஆரம்பிக்கும். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு நிற்பவர் இந்தச் சங்கிலியை அறுப்பவர். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழும்.

கூச்சல் தொடங்கும்போது இடுப்பை வளைத்து, முன்னால் குனிந்து, கைகளை முட்டியில் ஊன்றிக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்காக அல்ல. நிமிர்ந்து கத்தினால் தொண்டை கத்தும், குனிந்தால் அடிவயிறு கத்தும். ஆட்டத்தின் நான்காம் கால்பகுதிவரை தாக்குப்பிடிப்பது இரண்டாவதுதான்.

கட்டைவிரல் உயர்த்துவது ‘கிக் எம்’. தமிழில் எழுதினால் உதைப்பது போலத் தெரிகிறது, அது இல்லை. தவளை குத்தும் ஈட்டிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. 1930-ல் டிசியூ அணியோடு ஆட்டம். அவர்களின் சின்னம் கொம்புத் தவளை எனப்படும் ஓணான் இனம். பிங்கி டவுன்ஸ் என்ற பழைய மாணவர் கூட்டத்தைப் பார்த்து, தவளையை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டு அவரே கட்டைவிரலைத் தூக்கிப் பதிலும் சொன்னார். ஓணானுக்குத் தவளை ஈட்டி பொருந்துமா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

‘ஹூப்’ என்ற கத்தல் மட்டும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களின் உரிமை. முதலாண்டு மாணவர் வாய்தவறிக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். நடுவர் தப்பான தீர்ப்புக் கொடுத்தால் ‘பூ’ என்று கத்துவது இங்கே வழக்கமில்லை. அதற்குப் பதில் பாம்பு போல ‘ஸ்ஸ்’ என்று சீறுவார்கள். ஆகீஸ் டச் டவுன் போட்டுப் புள்ளி எடுத்தால் ஜோடிகள் மறுபடி முத்தமிடுவார்கள். தனியாக வந்தவர் கைதட்டலாம்.

இடைவேளையில் எழுந்து போகாதீர்கள்

சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் முதல் கால்பகுதி முடியும்போதே போய்விடுங்கள். இடைவேளையில் நடைபாதைக் கடை வரிசை நீளம்; அதைவிட, பேண்ட் வாசிக்கும்போது இடத்தை விட்டு நகர்வது மரியாதையாகப் பார்க்கப்படுவதில்லை. 1894-ல் தொடங்கிய பேண்ட். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், அனைவரும் கார்ப்ஸ் எனப்படும் ராணுவப் பயிற்சி மாணவர்கள். சினிமாப் பாட்டு, நடனம் எதுவும் இருக்காது. அணிவகுப்பு இசையும் நேர்க்கோடும்தான். ஒரு காலடி 30 அங்குலம், ஐந்து யார்டுக்கு ஆறு காலடி. வரிசைகள் எதிரெதிரே வந்து ஒன்றின் இடைவெளிக்குள் ஒன்று புகுந்து வெளியேறும். அந்த இடத்தில் ட்யூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் தூக்கியவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

‘ஆகீ வார் ஹிம்’ பாட்டு வரும்போது பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட வேண்டும். அறிமுகம் தேவையில்லை. முதல் உலகப் போரை ஒட்டி 1918-ல், பிங்கி வில்சன் என்ற மாணவர் ஜெர்மனியில் ரைன் நதியோரம் காவல் நிற்கையில் எழுதியது. முடிவில் ரம்பம் அறுப்பது போல எல்லோரும் இடமும் வலமுமாக ஆடுவார்கள். அறுபடுவது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சின்னமான காளையின் கொம்பு. கான்கிரீட் தளமே அசைவதைக் கால் உணரும். பயப்பட வேண்டாம், ஆனால் அந்த நேரம் கையில் குளிர்பானம் வைத்திருக்காதீர்கள்.

வளாகத்தில் நடக்கும்போது

எதிரில் வருபவர் ‘ஹவ்டி’ என்றால் நீங்களும் ‘ஹவ்டி’ சொல்லுங்கள். எதிரணிச் சட்டை போட்டவருக்கும் அதேதான். மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டரைச் சுற்றியுள்ள புல்லில் கால் வைக்கக் கூடாது. உள்ளே நுழைந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும். போரில் இறந்த மாணவர்களின் நினைவிடம் அது. குறுக்குவழி என்று புல்லில் இறங்கினால் முன்பின் தெரியாதவர்கள் மூன்று பேராவது குரல் கொடுப்பார்கள்.

நேரம் இருந்தால் வளாகத்தின் வடகிழக்கில் உள்ள பான்ஃபயர் நினைவிடத்துக்குப் போங்கள். டெக்சஸ் ஆட்டத்துக்கு முன் மாணவர்களே மரம் வெட்டி அடுக்கிக் கொளுத்துவது 1900-களின் முதல் பத்தாண்டிலிருந்து 1999 வரை வளாகத்தில் இருந்த வழக்கம். 1999 நவம்பர் 18 அதிகாலை 2:42-க்கு, கட்டிக்கொண்டிருந்த அடுக்கு சரிந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். இருபத்தேழு பேர் காயமடைந்தார்கள். எட்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்தில் டெக்சஸ் பேண்ட் இரங்கல் இசை வாசித்துத் தொப்பியைக் கழற்றி நின்றது; ஆகீ பேண்ட் சத்தமே இல்லாமல் களத்தை விட்டு நடந்து வெளியேறியது. நினைவிட வளையத்தில் உள்ள பன்னிரண்டு வாசல்களும் அந்தப் பன்னிரண்டு பேரின் சொந்த ஊர்ப் பக்கம் பார்த்து நிற்கின்றன. அங்கே கட்டைவிரல் தூக்கி செல்ஃபி வேண்டாம்.

ஆட்டம் முடிந்தபின்

ஜெயித்தால் கார்ப்ஸின் முதலாண்டுப் பையன்கள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்து, தூக்கிக்கொண்டு போய் வளாகத்தில் ‘ஃபிஷ் பாண்ட்’ என்ற நீரூற்றில் போடுவார்கள். பிறகு ஈரத்தோடு ஒய்எம்சிஏ கட்டடப் படிகளில் யெல் நடக்கும். தோற்றால் கூட்டம் கலையாது. மாணவர்கள் கேலரியிலேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கான யெல்லை ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் ‘தோற்றுவிட்டோமே’ என்று சொல்லாதீர்கள். ஆகீஸ் தோற்பதில்லை, நேரம்தான் போதாமல் போய்விடும் என்று திருத்துவார்.

எப்படியும் வண்டி நிறுத்திய இடத்திலிருந்து உடனே வெளியே வர முடியாது. அந்த நேரத்தில் அரங்கின் வடக்கு வாசலுக்குப் போனால் பல்கலைக்கழகத்தின் சின்னமான ரெவெலி என்ற நாய்க்கு முன்னால் அந்தப் பெயரில் இருந்த நாய்களின் கல்லறைகளைப் பார்க்கலாம். 1931-ல் மாணவர்கள் தூக்கி வந்த தெருநாய்தான் முதல் ரெவெலி. இன்று இருப்பது பத்தாவது, கோலி இனம். கார்ப்ஸில் எல்லோரையும்விட உயர்ந்த பதவி அவளுக்குத்தான். வகுப்பில் குரைத்தால் வகுப்பே கலையும் என்பார்கள். இறந்தவை எல்லாம் ஸ்கோர்போர்டைப் பார்த்தபடி இங்கே புதைக்கப்பட்டிருக்கின்றன. வடக்குப் பக்கம் கேலரியை உயர்த்திக் கட்டியதில் பார்வை மறைந்துபோனது. அதனால் நாய்களுக்கென்று வெளியே தனியாக ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்திருக்கிறார்கள்.